வந்தவாசியில முடிவு மாறியிருந்தா? ஒரு போரை மாத்தி ஒரு துணைக்கண்டத்தையே யோசிச்சுப் பாக்குறதுக்கு முழு வழிகாட்டி

மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு மொட்டை மாடியில பாய் விரிச்சு காலேஜ் பிள்ளைகளோட இந்த வேலையைச் செய்யுறேன். பழைய போர் ஒண்ணை எடுத்துக்கிட்டு, அது வேற மாதிரி முடிஞ்சிருந்தா இந்த நிலம் எப்படி இருந்திருக்கும்னு பேப்பர்ல போட்டுப் பாக்குற வேலை. புதுசா வர்றவங்க முதல் நாள் என்ன எழுதுவாய்ங்கன்னு எனக்கு இப்பல்லாம் முன்னாடியே தெரியும், "பிரெஞ்சுக்காரன் ஜெயிச்சிருந்தா நாம எல்லாம் பிரெஞ்சு பேசிக்கிட்டு இருப்போம்"னு ஒரு வரி எழுதிட்டு அதோட நின்னுருவாய்ங்க. கற்பனை இல்லாம நிக்கிறதில்ல அது. எதை முதல்ல செய்யணும், எதைக் கடைசியில செய்யணும்ங்கிற வரிசை தெரியாம நிக்கிறது.

அந்த வரிசையைத்தான் கீழ எழுதியிருக்கேன். முழுசுக்கும் ஒரே உதாரணம், 1760 ஜனவரி 22ல இங்கிலீஷ்காரங்களுக்கும் பிரெஞ்சுக்காரங்களுக்கும் நடந்த வந்தவாசிப் போர். இதே வரிசையை வேற எந்தப் போருக்கும், எந்தக் கண்டத்துக்கும் வெச்சுக்கலாம்.

1. உக்காருறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

எல்லைக்கோடு எதுவுமே இல்லாத ஒரு மேப். ஆறு, மலை, கடற்கரை மட்டும் இருந்தாப் போதும். இன்னைக்கு இருக்கிற மாநில எல்லை போட்ட மேப்பை விரிச்சீங்கன்னா உங்க கண்ணு தானாவே அந்தக் கோட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் அதுல இருந்து வெளிய வரவே முடியாது.

ட்ரேஸிங் பேப்பர் ஒரு பத்து ஷீட். பத்து வருசத்துக்கு ஒரு ஷீட்டுன்னு ஒண்ணு மேல ஒண்ணு வைக்க.

மூணு கலர் பேனா. எதுக்குன்னு எட்டாவது படியில சொல்றேன், ஆனா வாங்காம ஆரம்பிக்காதீங்க.

காத்து காலண்டர் ஒண்ணு நீங்களே போட்டுக்கங்க. தென்மேற்குக் காத்து எப்ப, வடகிழக்குக் காத்து எப்ப, எந்த மாசம் கிழக்குக் கரையில பாய்மரக் கப்பல் நிக்க முடியாதுன்னு. பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டை எல்லாமே காத்தைக் கேட்டுத்தான் நடந்திருக்கு. இந்தக் காலண்டர் இல்லாம யோசிக்கிறவங்க நவம்பர்ல கப்பல் படையைச் சென்னைக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்திருவாங்க.

கடைசியா, அந்தக் காலத்துலயே வாழ்ந்த ஒரு ஆளோட குரல் வேணும். இந்த உதாரணத்துக்கு நமக்குப் பெரிய வசதி, பிரெஞ்சுக்காரங்களுக்குத் துபாஷியா, அதாவது மொழிபெயர்த்துச் சொல்றவரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பாண்டிச்சேரியில உக்காந்து 1736ல இருந்து 1761 வரைக்கும் தமிழ்லயே நாட்குறிப்பு எழுதி வெச்சிருக்காரு. அதுல ஒரு ஐம்பது பக்கமாவது படிச்சிருங்க. யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கப்பல் வந்துச்சு, யாரு யாரைப் பாக்கக் காத்துக் கிடந்தாங்கன்னு படிக்கும்போதுதான் அந்த மனுசங்களுக்கு அடுத்து என்ன நடக்கும்னு தெரியாதுங்கிறது நமக்கு உறைக்கும். நமக்கு முடிவு தெரியும், அவங்களுக்குத் தெரியாது. இந்த வேலைக்கே அதுதான் அஸ்திவாரம்.

2. நடந்ததை முதல்ல ஒழுங்கா எழுதுங்க

"நடந்தது தெரியும்ணே, மாத்துறதுக்குப் போவோம்"னு அவசரப்படுறவங்கதான் ஜாஸ்தி. நான் விடுறதில்ல. பேப்பரைப் பாக்காம பத்து நிமிசத்துல அடுத்த ஆளுக்குச் சொல்ல வரலைன்னா உங்களுக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம். இந்த உதாரணத்துக்கு அந்தப் பத்து நிமிசம் இப்படி இருக்கும்.

1756ல இருந்து 1763 வரைக்கும் ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் இங்கயும் ஒரே போர், ஏழாண்டுப் போர். 1757 பிளாசிப் போருக்கு அப்புறம் வங்காளத்துப் பணம் இங்கிலீஷ் கம்பெனி கைக்கு வந்துருச்சு. 1758 ஏப்ரல்ல தளபதி லாலி பிரெஞ்சுப் படையோட பாண்டிச்சேரி வந்து இறங்குறாரு, ஜூன் ஆரம்பத்துலயே கடலூர்ல இருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிச்சிர்றாரு. கையில காசு இல்ல. அதனால பழைய பாக்கின்னு சொல்லித் தஞ்சாவூர் ராசாகிட்ட பணம் கேட்டு முற்றுகை போட்டு, ஒண்ணும் கிடைக்காம ஆகஸ்ட்ல திரும்புறாரு. தக்காணத்துல செல்வாக்கா இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியைத் திருப்பிக் கூப்பிடுறாரு, அந்தப் பக்கம் ஆந்திரக் கரை 1759ல கையை விட்டுப் போகுது. 1758 டிசம்பர்ல சென்னையை முற்றுகை போட்டவரு 1759 பிப்ரவரியில இங்கிலீஷ் கப்பல் வந்ததும் விட்டுட்டுப் போறாரு. பிரெஞ்சுக் கப்பல் படைத் தலைவர் தாஷே 1759 அக்டோபர்ல மொரீஷியஸுக்குப் போனவரு திரும்பி வரவே இல்ல. அதே மாசம் சம்பள பாக்கிக்காக பிரெஞ்சுச் சிப்பாய்க கலகம் பண்றாங்க. 1760 ஜனவரியில வந்தவாசியில இங்கிலீஷ் தளபதி அயர் கூட் கிட்ட தோல்வி. 1761 ஜனவரி நடுவுல பாண்டிச்சேரி விழுகுது, மதிலை எல்லாம் இடிச்சிர்றாய்ங்க. 1763 பிப்ரவரி 10 பாரிஸ் ஒப்பந்தத்துல ஊரு திரும்பக் கிடைக்குது, அதிகாரம் கிடைக்கல.

இதை நோட்டுல இடது பக்கம் எழுதி, வலது பக்கத்தை முழுசாக் காலியா விடுங்க. மாத்தப்போறது எல்லாம் வலது பக்கம்தான். ரெண்டும் கலந்துச்சுன்னா ஒரு வாரம் கழிச்சு எது நெஜம் எது நாம எழுதினதுன்னு உங்களுக்கே தெரியாமப் போயிரும், இது என் கண்ணு முன்னால பல தடவை நடந்திருக்கு.

3. சண்டை வேற, போர் வேற, ஒப்பந்தம் வேற

இந்த மூணையும் பிரிக்கத் தெரியலைன்னா அடுத்த படிக்குப் போகாதீங்க.

1746ல பிரெஞ்சுக்காரங்க சென்னையையே பிடிச்சுட்டாங்க, கோட்டை அவங்க கையில. சண்டையில முழு வெற்றி. ஆனா 1748ல ஐரோப்பாவுல ஒப்பந்தம் போட்டப்ப வட அமெரிக்காவுல இருக்கிற லூயிபூர்க் கோட்டை பிரான்ஸுக்குத் திரும்ப வேணும்னு சென்னையை இங்கிலீஷ்காரங்ககிட்ட திருப்பிக் குடுத்துட்டாங்க. சென்னையில இருந்த ஒருத்தரையும் கேட்டு நடக்கல அது.

1763லயும் அப்படித்தான், பிரான்ஸ் கனடாவை விட்டுக்குடுத்துட்டு குவாதலூப், மார்த்தினிக்னு சர்க்கரை விளையுற தீவுகளைத் திருப்பி வாங்கிக்கிச்சு. பாரிஸ்ல மேசையில உக்காந்தவங்களுக்கு எது பெருசுன்னு இதுலயே தெரியுது. அதனால உங்க நோட்டுல மூணு வரி தனித்தனியா எழுதுங்க: சண்டையில என்ன மாறுது, போர் முடியும்போது யாரு கையில எது இருக்கு, ஒப்பந்தத்துல எது மிச்சம் நிக்குது. வந்தவாசியில பிரெஞ்சு ஜெயிச்சா முதல் வரி மட்டும்தான் மாறும். மத்த ரெண்டும் தானா மாறாது.

4. கிளை பிரியுற இடத்தைத் தேடுறது

நெஜத்துல நடந்ததுல இருந்து நம்ம கற்பனை விலகுற இடத்தைத்தான் கிளை பிரியுற இடம்னு சொல்றேன். நேரம் அதிகம் எடுக்க வேண்டிய படி இது. எங்க மாடியில ஒரு முழு சனிக்கிழமை இதுக்கே போயிரும்.

முறை சுலபம்தான், "ஏன்"னு கேட்டுக்கிட்டே கீழ இறங்கணும். வந்தவாசியில ஏன் தோத்தாங்க? சண்டை நடுவுல பிரெஞ்சு இடது பக்கம் வெடிமருந்து வண்டி ஒண்ணு வெடிச்சு வரிசை கலைஞ்சுபோச்சு. சரி, அந்த வண்டி வெடிக்கலைன்னு மாத்திருவோமான்னு உடனே பேனாவை எடுப்பாங்க. எடுக்காதீங்க, இன்னும் இறங்குங்க. ஏன் ஒரு சண்டையில தோத்ததும் எழுந்திரிக்கவே முடியல? சம்பளம் இல்ல, ஆளு இல்ல. ஏன் காசு இல்ல? தஞ்சாவூர்ல கிடைக்கல, ஆந்திரக் கரை வரி போயிருச்சு, எதிராளிக்கோ வங்காளத்துல இருந்து வந்துக்கிட்டே இருக்கு. ஏன் கடல் வழியா உதவி வரல? தாஷே மொரீஷியஸ்ல. ஏன் அவ்வளவு தூரம் போனாரு? சோழமண்டலக் கரையில மழைக்காலத்துல கப்பல் ஒதுங்குற இயற்கைத் துறைமுகம் கிடையாது, ரிப்பேர் பாக்க இங்கிலீஷ்காரனுக்கு பம்பாய் இருந்துச்சு, பிரெஞ்சுக்காரனுக்கு மொரீஷியஸ்தான்.

இங்க வந்து நிக்கும்போதுதான் பிள்ளைக மூஞ்சி மாறும். சண்டையைத் தீர்மானிச்சது பீரங்கி மட்டும் இல்ல, காசும் கப்பலும் காத்தும்னு அவங்களாவே சொல்லுவாங்க.

இப்ப எந்தப் படியை மாத்தலாம்? கடற்கரையோட அமைப்பை மாத்த முடியாது. ஒரு மனுசன் வேற மாதிரி முடிவு எடுத்திருக்கக் கூடியது, இல்ல வானிலை, இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் தொடலாம்னு நான் விதி வெச்சிருக்கேன். அதுலயும் ஒண்ணே ஒண்ணு.

வானிலையைப் பத்தி ஒரு பெரிய பாடம் இதே போர்லயே இருக்கு. 1761 ஜனவரி 1ஆம் தேதி பாண்டிச்சேரிக்கு முன்னாடி நின்ன இங்கிலீஷ் கப்பல்கள் மேல புயல் அடிச்சுச்சு. கப்பல்க முழுகிச்சு, கரை தட்டுச்சு, ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க. முற்றுகையில பசியோட கிடந்த ஊருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இயற்கை குடுக்க முடியாது. ஆனா என்ன ஆச்சு? அந்த வழியைப் பயன்படுத்தி உள்ள வர ஒரு பிரெஞ்சுக் கப்பல் படை பக்கத்துல இல்ல, ஒரு வாரத்துல இங்கிலீஷ்காரங்க மறுபடி சுத்தி வளைச்சுட்டாங்க, ஊரு விழுந்துருச்சு. அதிர்ஷ்டம் வந்தாலும் அதைப் பிடிக்கிற கை வேணும்.

அதனால நாங்க எடுத்த மாற்றம் இதுதான்: 1760 நடுவுல, தென்மேற்குக் காத்து வீசுறப்ப, தாஷே படை தானியமும் சம்பளப் பணமும் ஆளும் ஏத்திக்கிட்டுத் திரும்பி வருது. வந்தவாசியில தோல்வி தோல்வியாவே இருக்கட்டும். பாண்டிச்சேரி அந்த மழைக்காலத்தைத் தாண்டுது, புயல் இங்கிலீஷ் கப்பலை அடிக்குது, முற்றுகை கலையுது. அம்புட்டுத்தான்.

கவனிங்க, இதுல பிரெஞ்சு ஜெயிக்கல. போர் இழுபறியா முடியுது. புதுசா வர்றவங்க வெற்றி தோல்வின்னு ரெண்டு மட்டும்தான் யோசிப்பாங்க, ஆனா பெரும்பாலான போர்ல நம்பக்கூடிய மாற்று முடிவு இழுபறிதான். வெளைச்சலும் அதுலதான் அதிகம்.

5. மாறாதது எதுன்னு ஒரு பக்கம் எழுதுங்க

ஒண்ணை மாத்தின சந்தோசத்துல எல்லாத்தையும் மாத்திருவாங்க. அதுக்குத்தான் இந்தப் படி.

வங்காளம் 1757லயே போயிருச்சு, அது திரும்பி வராது. 1761 ஜனவரி 14ல பானிப்பட்டுல மராத்தியங்க ஆப்கன் ராசா அப்தாலிகிட்ட தோக்குறது அப்படியே நடக்கும், ஏன்னா பாண்டிச்சேரிக்கு என்ன ஆச்சுன்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது, தெரிஞ்சாலும் அவங்களுக்கு அது கணக்குல இல்ல. நெஜத்துல பானிப்பட்டும் பாண்டிச்சேரி விழுந்ததும் ஒரே வாரத்துல நடந்திருக்கு. இப்படி ஒரே வாரத்துல ஒரே துணைக்கண்டத்துல வேற என்ன நடந்துச்சுன்னு பாக்குற பழக்கத்தை ஏற்படுத்திக்கங்க.

மைசூர்ல ஹைதர் அலி மேல வர்றதும் நிக்காது. 1760ல அவரு பாண்டிச்சேரிக்கு உதவியா ஆள் அனுப்பினாரு, மைசூருக்குள்ளயே அவருக்கு எதிரா சதி கிளம்பினதும் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாரு. அந்தச் சதிக்கும் நாம மாத்தின கப்பலுக்கும் சம்பந்தம் கிடையாது, அதனால அது நம்ம கிளையிலயும் நடக்கும்.

செய்தி போற வேகத்தையும் இந்தப் பக்கத்துலயே எழுதுங்க. ஐரோப்பாவுல இருந்து இங்க கப்பல் வர ஏறக்குறைய ஆறு மாசம், சில சமயம் அதுக்கு மேலயும். அதுக்குள்ள எந்த மாற்றமும் அங்க போய்ச் சேராது. போன்ல பேசிக்கிற மாதிரி பாரிஸ்காரனையும் பாண்டிச்சேரிக்காரனையும் எழுதுறது ரொம்ப சகஜமான தப்பு.

6. பத்து வருசம் பத்து வருசமா நகத்துங்க

1761ல இருந்து நேரா 2025க்குக் குதிக்கக் கூடாது. ஒரு ட்ரேஸிங் ஷீட்டுக்கு ஒரு பத்து வருசம். ஒவ்வொரு ஷீட்டுலயும் முக்கியமான ஒவ்வொரு ஆளுக்கும் மூணு கேள்வி: இவனுக்குக் காசு எங்கிருந்து வருது, இவன் யாருக்குப் பயப்படுறான், இவனுக்குத் துப்பாக்கியும் மருந்தும் எந்த வழியா வருது.

நம்ம ஊருக்கே வருவோம். மதுரையை நிர்வாகம் பண்ணிக்கிட்டிருந்த யூசுப் கான், அதாவது மருதநாயகம், நெஜத்துல 1763ல ஆற்காடு நவாப் முகமது அலியையும் இங்கிலீஷ் கம்பெனியையும் எதிர்த்து நின்னாரு. 1763ல ஒரு முற்றுகை மழையில தோத்துச்சு, 1764ல மறுபடி வந்து சுத்தி வளைச்சு உள்ள சோறு போகாமப் பண்ணாங்க. அக்டோபர்ல கூட இருந்தவங்களே, மார்ஷான்ங்கிற பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து, தொழுகையில இருந்தவரைப் பிடிச்சுக் குடுத்தாங்க. அக்டோபர் 15ல தூக்குல போட்டாங்க. சம்மட்டிபுரத்துல அவரு அடக்கமான இடம் இன்னும் இருக்கு, இந்தப் படிக்கு வர்ற பிள்ளைகளை நான் அங்க ஒரு தடவை போய்ட்டு வரச் சொல்லுவேன்.

இப்ப நம்ம கிளையில பாண்டிச்சேரி விழல, மதில் இடியல. உடனே எல்லாரும் எழுதுறது, "பிரெஞ்சு உதவி வந்து யூசுப் கான் ஜெயிச்சு மதுரைக்கு ராசா ஆயிர்றாரு". நான் மேப்பைக் காட்டி ஒரே கேள்விதான் கேப்பேன், பாண்டிச்சேரியில இருந்து மதுரைக்கு வெடிமருந்து எந்த வழியா வருது? ரோட்டு வழின்னா தஞ்சாவூரும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் குறுக்க, தொண்டைமான் இங்கிலீஷ்காரனுக்கு நெருங்கின கூட்டாளி. கடல் வழின்னா தூத்துக்குடி டச்சுக்காரன் கையில. மிச்சம் இருக்கிறது தொண்டி, தேவிபட்டினம் மாதிரி சேது நாட்டு (ராமநாதபுரம்), சிவகங்கைக் கரை. அப்ப யூசுப் கானோட தலையெழுத்து சேதுபதி கிட்டயும் சிவகங்கை கிட்டயும் போய் நிக்குது. அவங்க இவரை நம்புவாங்களா?

இன்னொண்ணு. இதே யூசுப் கான்தான் கம்பெனிக்காக நெற்கட்டும்செவல் பூலித்தேவரை அடக்கினவரு. தெக்கத்திப் பாளையக்காரங்களுக்கு அவரு மீட்பர் இல்ல, வரி வாங்க வந்த தளபதி. 1758-59ல சென்னை முற்றுகையப்ப பிரெஞ்சுக்குச் சாமான் போற வழியை அறுத்ததும் இவருதான். இவ்வளவையும் ஒரே ஷீட்டுல வெச்சுப் பாத்தா, அவரு ஜெயிக்கிறது முடியாததுன்னு நான் சொல்லல, ஆனா விலை குடுத்துத்தான் ஜெயிக்க முடியும். சேது நாட்டுக்கு ஏதாவது விட்டுக்குடுக்கணும், பாளையக்காரங்களுக்கு வரியைக் குறைக்கணும். அந்த விலையை எழுதுறப்பதான் கதைக்கு உசுரு வருது.

நவாப் பக்கமும் பாருங்க. நெஜத்துல முகமது அலி கம்பெனிகிட்டயும் கம்பெனிக்காரங்ககிட்டயும் வாங்கின கடன் ஏறிக்கிட்டே போய், அதை அடைக்கப் பாளையங்களை நெருக்கி, 1772ல காளையார்கோவில்ல சிவகங்கை ராசா முத்துவடுகநாதர் சாவு, அவரு ராணி வேலுநாச்சியார் விருப்பாச்சியில தங்கினது, 1799 கட்டபொம்மன், 1801ல மருது சகோதரர்க, அதே 1801ல நவாப் கிட்ட இருந்து ஆட்சியையே கம்பெனி எடுத்துக்கிட்டதுன்னு ஒரு சங்கிலி ஓடுது. நம்ம கிளையில நவாபுக்கு மிரட்டுறதுக்கு ரெண்டாவது ஒரு வீடு இருக்கு: "நீ ரொம்ப நெருக்கினா நான் பாண்டிச்சேரிக்குப் போயிருவேன்." பாளையக்காரனுக்கும் அதே வசதி. கடன் மறையாது, ஆனா அது ஏறுற வேகம் குறையும்னு நான் நினைக்கிறேன்.

7. மேப்பை அப்புறமா வரைங்க

முதல் நாளே கலர் அடிக்கக் கூடாது. மூணு ஷீட்டு எழுதி முடிச்ச பின்னாடிதான் மேப்.

முதல்ல கோட்டைகளைப் புள்ளியா வைங்க. அடுத்து துறைமுகம். மூணாவது, அந்தப் புள்ளியில இருந்து எந்த ஊரு வரைக்கும் போய் வரி வாங்க முடியும்னு லேசா நிழல் மாதிரி தேய்ங்க. கோடு போடாதீங்க. அந்தக் காலத்துல ஒரே கிராமத்துல ரெண்டு பேரு வந்து வரி கேட்டிருக்காங்க, அந்த இடத்துல ரெண்டு நிழலும் ஒண்ணு மேல ஒண்ணு விழணும். கோடு போட்டா அந்த இழுபறி முழுசும் மறைஞ்சு போயிரும்.

தரங்கம்பாடியை மறந்துராதீங்க. 1845 வரைக்கும் அது டென்மார்க்காரங்க ஊரு. நாகப்பட்டினம் 1781 வரைக்கும் டச்சு. சின்னப் புள்ளிதான், ஆனா பெரியவங்க சண்டை போடும்போது துப்பாக்கி விக்கிறது இந்த மாதிரி சின்னப் புள்ளிகதான்.

8. மத்த கண்டங்களுக்குப் போறது, மூணு கலரோட

மூணு பேனா இங்கதான். நீலம், கிட்டத்தட்ட நிச்சயம். பச்சை, இருக்கலாம். சிவப்பு, நான் ஆசைப்படுறேன். எழுதுற ஒவ்வொரு வரியும் ஏதாவது ஒரு கலர்லதான் இருக்கணும். சிவப்பை அடக்கச் சொல்லல, அதை நீலத்துல எழுதிறக் கூடாதுங்கிறதுதான் விசயம்.

உதாரணம்: பாண்டிச்சேரி நின்னதால 1763 ஒப்பந்தத்துல பிரான்ஸுக்கு இங்க மதிலோட கூடின கோட்டை மிஞ்சும், நீலம். தெக்க ரெண்டு பக்கமும் படை வெச்சிருக்கணும்கிறதால இங்கிலீஷ் கம்பெனி செலவு கூடும், பச்சை. பிரான்ஸுக்கும் கப்பல் செலவு கூடி, அந்தக் கடன் 1789க்கு முன்னாடியே அவங்க கழுத்தைப் பிடிக்கும், பச்சைதான், சிவப்பை ஒட்டின பச்சை. கனடா பிரிட்டன்கிட்ட போறது மாறல, அதனால அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் பிரெஞ்சுப் பயம் போறதும், பிரிட்டன் போர்க் கடனுக்கு வரி போடுறதும், அவங்க எகிறுறதும் அப்படியே நடக்கும், நீலம்.

மூணு கண்ணிக்கு மேல போகாதீங்க. ஒண்ணு நடந்தா இன்னொண்ணு, அதனால இன்னொண்ணுன்னு மூணு தாண்டினா நாலாவது எப்பவுமே சிவப்புதான், நீங்க எந்தக் கலர்ல எழுதினாலும்.

9. ஒரு சாதாரண ஆளைக் கொண்டுபோய் உள்ள விடுங்க

ராசா, தளபதி, ஒப்பந்தம்னு எழுதிக்கிட்டே போனா அந்த உலகத்துல யாருமே குடியிருக்க மாட்டாங்க. ஒரு நெசவாளி, ஒரு சம்சாரி (விவசாயி), இந்த ரெண்டு பேரு வழியா உங்க கிளையைச் சோதிங்க.

நெசவாளி சுலபம். துணி வாங்க ஒரே கம்பெனி இருந்தா அவன் சொன்னதுதான் விலை, முன்பணம் வாங்கினவன் வேற யாருக்கும் விக்க முடியாது. ரெண்டு கம்பெனி போட்டி போட்டா தறிக்காரனுக்குப் பேரம் பேச இடம் இருக்கு. ஆனா போட்டி சண்டையாகிற வருசம் நூலும் வராது, துணியும் போகாது. ரெண்டையும் எழுதுங்க.

சம்சாரிதான் கஷ்டமான சோதனை, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதுதான். மேலூர்ப் பக்கம் ஒரு வயல்காரரை எடுத்துக்கங்க. அவருக்குத் தண்ணி முல்லைப்பெரியாறுல இருந்து வருது. மேற்க போற ஆத்தை மறிச்சு மலையைக் குடைஞ்சு கிழக்க திருப்பணும்ங்கிற யோசனை வெள்ளைக்காரன் மட்டும் யோசிச்சது இல்ல, 1789லயே ராமநாதபுரம் பிரதானி (மந்திரி) முத்திருளப்ப பிள்ளை அதை விசாரிச்சுப் பாத்து, செலவு தாங்காதுன்னு விட்டுட்டாரு. 1876-78 பஞ்சத்துக்கு அப்புறம் வேகம் பிடிச்சு, 1886ல திருவிதாங்கூரோட 999 வருசக் குத்தகை போட்டு, பென்னிகுயிக் காலத்துல 1895ல தண்ணி வந்துச்சு.

நம்ம கிளையில சென்னை மாகாணம்னு ஒரு பெரிய ராஜ்யம் உருவாகவே இல்லைன்னா? மதுரை ஒரு தனி நாடு, திருவிதாங்கூர் ஒரு தனி நாடு. மலையைக் குடையுற அளவுக்கு மதுரை கஜானாவுல காசு எது? திருவிதாங்கூரை ஒத்துக்க வைக்கிற பலம் எது? இங்க பிள்ளைக ரெண்டு கட்சியா பிரிஞ்சிருவாங்க. ஒரு கட்சி, அணை வந்திருக்காது, வைகை வறண்டே கிடந்திருக்கும்னு சொல்லும். இன்னொரு கட்சி, நிலவரியில வந்த காசு கடல் தாண்டிப் போகாம இங்கயே இருந்திருந்தா கண்மாயெல்லாம் தூர் வாரியிருப்பாங்க, சின்ன அணையாவது கட்டியிருப்பாங்க, பஞ்சமே அந்த அளவுக்குப் போயிருக்காதுன்னு சொல்லும். ரெண்டுக்கும் நியாயம் இருக்கு. நான் முடிவு சொல்றதில்ல, ரெண்டையும் பச்சையில எழுதச் சொல்லி ரெண்டு மேலூரையும் வரைய வைப்பேன்.

ஊரோட உருவத்தையும் இதே மாதிரி சோதிக்கலாம். மதுரைக் கோட்டை மதிலை 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துல இடிச்சு, அகழியைத் தூத்துத்தான் வெளி வீதிகள் வந்துச்சு. சண்டைக்குப் பயப்படுற ஒரு ராசா இருந்திருந்தா மதிலை இடிப்பானா? இடிக்கலைன்னா இன்னைக்கு நாம பஸ்ஸுக்கு நடக்குற வழி எங்கிட்டு? பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மிச்சம் நிக்கிற மேற்குக் கோட்டை வாசலைப் போய்ப் பாத்துட்டு வந்து எழுதினவங்க பக்கமும், பாக்காம எழுதினவங்க பக்கமும் படிக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

10. அடிக்கடி விழுகுற குழிகள்

மொழி. "எல்லாரும் பிரெஞ்சு பேசியிருப்போம்"ங்கிறதுக்குப் பதில் பாண்டிச்சேரியும் காரைக்காலுமே. இடையில இங்கிலீஷ்காரங்க பிடிச்சு வெச்சிருந்த வருசங்களைக் கழிச்சாலும் ரொம்ப நீளமான பிரெஞ்சு ஆட்சி, 1954ல கைமாறுற வரைக்கும். அங்க தெருவுல பேசுறது தமிழ்தான்.

காலம் மாத்திப் போடுறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுல வியட்நாம்ல பிரெஞ்சு அரசாங்கம் செஞ்சதை 1760ல ஒரு வியாபாரக் கம்பெனி செய்யும்னு எழுதுறது. ரயில், ஸ்டீம் கப்பல், தந்தி எதுவும் இல்லாத காலத்து ஆளுக அவங்க.

பொறக்காத மனுசங்க. எட்டயபுரத்துல 1882ல பாரதி பொறந்தது நம்ம நெஜத்துல. 120 வருசம் முன்னாடி கிளை பிரிஞ்ச உலகத்துல அவங்க அப்பாவும் அம்மாவும் சந்திச்சாங்களான்னே தெரியாது. கிளை பிரிஞ்சு ரெண்டு தலைமுறைக்கு மேல போயிட்டா தெரிஞ்ச பேரைப் போடாதீங்க, "அந்த ஊர்ல ஒரு கவிஞர்"னு எழுதுங்க.

நம்ம பக்கம் சாய்க்கிறது. எல்லாருக்கும் அவங்கவங்க ஊரு ராசா ஜெயிக்கணும்னு இருக்கும், எனக்கும் இருக்கு. அதுக்கு வழி, தோத்துப் போற ஒருத்தன் வாயால ஒரு பக்கம் எழுதுறது. மதுரை நின்னா நஷ்டப்பட்ட புதுக்கோட்டைச் சிப்பாய் ஒருத்தன் வீட்டுக்கு எழுதுற லெட்டர் மாதிரி.

11. அடுத்தவங்ககிட்ட குடுத்து உடைக்கச் சொல்லுங்க

எழுதி முடிச்சதும் இதுல சம்பந்தமே இல்லாத ஒருத்தர்கிட்ட வலது பக்கத்தை மட்டும் குடுங்க. "எங்க நம்ப முடியல"ன்னு மட்டும் கேளுங்க, நல்லாருக்கான்னு கேக்காதீங்க. அவரு விரல் வைக்கிற இடத்துல புள்ளி வெச்சுக்கிட்டு அந்த ஷீட்டை மட்டும் எடுத்து, அதுக்கு முந்தின ஷீட்டுல காசும் கப்பலும் எங்க நின்னுச்சுன்னு பாருங்க, தப்பு பெரும்பாலும் அந்த முந்தின ஷீட்டுலதான் இருக்கும். அதுக்குப் பின்னாடி இருக்கிற ஷீட்டெல்லாம் கிழிச்சிர வேண்டியதுதான், ஒட்டுப் போடாதீங்க.

போன மாசம் ஒரு பொண்ணு 1770க்கு மேல இருந்த ஆறு ஷீட்டை இப்படிக் கிழிச்சுப் போட்டுட்டு, தொண்டியில இருந்து மதுரைக்கு மாட்டு வண்டி வர எத்தனை நாள் ஆகும்னு கணக்குப் போட ஆரம்பிச்சா. அவ இப்ப 1764 ஷீட்டுல இருக்கா, முற்றுகைக்குள்ள எத்தனை நாளைக்கு அரிசி இருக்குன்னு எழுதிக்கிட்டிருக்கா.